சட்டியில் எவ்வளவு இருக்கிறது? வயநாடு, கோலார்: தங்கம் தேடுபவர் எந்த அறிகுறியை நம்பலாம்

1880-இல் லண்டனில் கையில் பணமும் மனத்தில் தங்க ஆசையும் கொண்ட ஒருவர் முன்னால் தென்னிந்தியாவில் இரண்டு நிலங்கள் இருந்தன. ஒன்று தென்கிழக்கு வயநாடு. இன்றைய நீலகிரி மாவட்டத்தின் தேவாலா, பந்தலூர்ப் பகுதி. மற்றொன்று மைசூர் சமஸ்தானத்தின் கோலார். வயநாட்டைப் பற்றி அரசு நிலவியலாளர் வில்லியம் கிங் 1875-இலேயே குறிப்பு எழுதியிருந்தார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தங்க வயல்களைப் பார்த்துப் பழகிய பிரஃப் ஸ்மித் நேரில் வந்து சுற்றிவிட்டு நம்பிக்கை ஊட்டும் அறிக்கை ஒன்றைத் தந்திருந்தார். கோலாரைப் பற்றி இருந்ததோ, 1802-இல் லெப்டினன்ட் ஜான் வாரன் மாரிக்குப்பம் பக்கம் கண்டதை எழுதிய பழைய குறிப்பும், லாவெல் என்ற முன்னாள் சிப்பாய் 1870-களில் அரசிடம் உரிமம் கேட்டு வாங்கிய கதையும்தான்.

பணம் எங்கே போயிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். வயநாட்டுக்காக டஜன் கணக்கில் கம்பெனிகள் முளைத்தன. காபித் தோட்டங்கள் தங்க நிலமாக விலை பேசப்பட்டன. பாறையை இடிக்கும் எந்திரங்கள் மலை ஏறின. இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது. இடித்த கல்லிலிருந்து வந்த தங்கம், மாதிரிகள் சொன்னதில் ஒரு சிறு பங்குதான். பின்னர் ஹேட்ச், ஹேடன் என்ற இரு நிலவியலாளர்கள் முறையாக மாதிரி எடுத்துச் சோதித்து 1901-இல் வெளியிட்ட அறிக்கை, அங்கே லாபகரமாகச் சுரங்கம் நடத்த வழியில்லை என்பதை உறுதி செய்தது.

கோலாரிலும் முதலில் கம்பெனிகள் தடுமாறின. பணம் தீரும் நிலையில் மைசூர் மைன் கம்பெனி பழைய குழிகளுக்கும் கீழே இறங்கிப் பார்த்தது. 1880-களின் நடுவில் சாம்பியன் நாளம் (பாறைப் பிளவை நிரப்பிய, தங்கம் கொண்ட கல் நரம்பு) கிடைத்தது. அதன் பிறகு 2001-இல் மூடப்படும் வரை அந்த வயல் ஏறக்குறைய 800 டன் தங்கம் தந்தது. சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து போன தமிழர்கள் என்பதால், இந்தக் கதை நமக்கு வெறும் பாறைக் கதையாக என்றும் இருந்ததில்லை.

இரண்டு நிலங்களிலும் பழைய குழிகள் இருந்தன. இரண்டிலும் வெள்ளைக் குவார்ட்ஸ் கல் இருந்தது. இரண்டிலும் கண்ணுக்குத் தெரியும் பொன் கிடைத்தது. பிறகு எதைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்திருக்க வேண்டும்? இது பழங்கதைக்கான கேள்வி மட்டும் அல்ல. 2023-இல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு, தங்கம் உள்ளிட்ட 29 கனிமங்களுக்குத் தேடல் உரிமம் என்ற புது வகை வந்திருக்கிறது. சிறு நிறுவனங்கள் ஒரு நிலத்தொகுதியை ஏலத்தில் எடுக்கும் முன் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். நிலவியல் படித்துவிட்டு இந்த வேலைக்குள் வரும் நம் பிள்ளைகளும் கேட்க வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சட்டியில் எவ்வளவு என்பதை மூடியைத் திறக்காமல் கணிக்க உதவும் அறிகுறிகளை இந்த இரண்டு நிலங்களின்மேல் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒரு கணக்கு. பூமியின் மேலோட்டில் சராசரியாக ஒரு டன் பாறையில் இருக்கும் தங்கம் சில மில்லிகிராம்தான். 3 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழச் சுரங்கம் நடத்த டன்னுக்கு 5 கிராமாவது வேண்டும் என்றால், இயற்கை அந்தத் தங்கத்தை 1,600 மடங்குக்கு மேல் ஓரிடத்தில் திரட்டியிருக்க வேண்டும். அந்தத் திரட்டலைச் செய்வது தண்ணீர். பூமிக்குள் பாறைகள் அழுந்திச் சூடாகும்போது அவற்றிலிருந்து பிழிந்து வரும் வெந்நீர் கந்தகத்தைச் சுமந்து வருகிறது. கந்தகத்தோடு சேர்ந்து தங்கமும் கரைந்து வருகிறது. அந்த நீர் மேலேறப் பாதை வேண்டும். வழியில் தங்கத்தைக் கீழே போடவைக்கும் பாறை வேண்டும். அது நடந்த ஆழம் இன்று நாம் எட்டக்கூடிய மட்டத்தில் இருக்க வேண்டும். பாதை, பொறி, மட்டம். ஒரு நிலத்தின் செல்வத்தை நிர்ணயிப்பவை இந்த மூன்றும்தான். மற்ற அறிகுறிகள் எல்லாம் இவற்றுக்குச் சாட்சி சொல்பவை. சில நல்ல சாட்சிகள், சில பொய்ச்சாட்சிகள்.

பொய்ச்சாட்சியில் முதலிடம் தங்கம் மின்னும் ஒற்றைக் கல்லுக்கு. இதை நான் மனம் நொந்தே எழுதுகிறேன். கள வேலைக்குப் போன முதல் பருவத்தில், ஓர் ஓடைக்கரையில் உடைத்த குவார்ட்ஸ் துண்டில் ஊசிமுனை அளவு பொன்னைக் கண்டபோது எனக்குக் கை நடுங்கியது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்த நாளத்தை அடுத்த ஆறு வாரம் துரத்தினோம். அந்தத் துண்டைத் தவிர வேறெதிலும் எதுவும் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. பக்கத்துக்கு 0.3 மில்லிமீட்டர் உள்ள ஒரு பொன்துகளின் எடை ஏறக்குறைய அரை மில்லிகிராம். ஆய்வகத்தில் உருக்கிப் பார்க்கும் 50 கிராம் தூளில் அப்படி ஒரே ஒரு துகள் விழுந்துவிட்டால், அறிக்கையில் டன்னுக்கு 10 கிராம் என்று வரும். அதே கல்லின் அடுத்த 50 கிராமில் துகள் இல்லாவிட்டால் சுழியம் வரும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அரிசிக்குப் பொருந்தும். தங்கத்துக்குப் பொருந்தாது. இதோடு, நம் மழைநாட்டு மண்ணில் மேற்பரப்புக் கல் இயல்பாகவே ஏமாற்றும். பைரைட் போன்ற கந்தகக் கனிமங்கள் மழையில் மக்கித் துருவாகிக் கரைந்துபோக, அவற்றுக்குள் அடைபட்டிருந்த தங்கம் விடுபட்டுப் பின்தங்கிவிடுகிறது. மேலே பார்ப்பவருக்குக் கல் உண்மையைவிடச் செல்வமாகத் தெரியும். கீழே இறங்கினால் தரம் விழும். மேலும் அங்கே தங்கம் பைரைட்டுக்குள் பூட்டிக் கிடப்பதால், அந்தக் காலத்தில் பயன்பட்ட பாதரச முறைக்கு அது எளிதில் சிக்காது. 1880-இல் வயநாட்டுக்குப் பணம் திரட்டியவர்கள் காட்டியவை பெரும்பாலும் இப்படிப்பட்ட மேற்பரப்புக் கற்கள்.

அடுத்த சாட்சி பழைய குழிகள். இதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. நம் நாட்டில் இதைவிட மலிவான, நேர்மையான தடயம் குறைவு. கர்நாடகத்தின் ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டியில் பழங்காலத்தவர் பாறையைத் தீ மூட்டிச் சூடாக்கி வெடிக்கவைத்து, 600 அடிக்கும் கீழே இறங்கியிருக்கிறார்கள். இன்று நாட்டில் தொடர்ந்து இயங்கும் முக்கியத் தங்கச் சுரங்கம் அந்தக் குழிகளின் வழித்தோன்றல்தான். கோலாரிலும் சாம்பியன் நாளம் பழைய குழிகளின் அடியில்தான் கிடைத்தது. ஆனால் வயநாட்டிலும் பழைய குழிகள் இருந்தனவே! கல்லைக் குடைந்து கிணறுபோல் இறக்கியவைகூட இருந்தன. குறும்பர்களும் பணியர்களும் அங்கே தலைமுறை தலைமுறையாக மண்ணை அரித்துப் பொன் எடுத்தவர்கள்.

வித்தியாசம் எங்கே என்றால், குழி இருப்பதில் அல்ல. அது எவ்வளவு நீளம் ஒரே கோட்டில் தொடர்கிறது, எவ்வளவு ஆழம் ஒருவர் உயிரைப் பணயம் வைத்து இறங்கியிருக்கிறார் என்பதில். எண்ணெய் விளக்கோடு நீர் இறைத்தபடி 600 அடி இறங்கிய மனிதருக்குக் கீழே திடமான காரணம் இருந்திருக்க வேண்டும். மாறாக, மலைச்சரிவெங்கும் சிதறிக் கிடக்கும் ஆழமற்ற குழிகள், மக்கிய மண்ணில் இருந்த பொன்னை அள்ளியதற்கான அடையாளம். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு குடும்பத்துக்கு அன்றாடம் கஞ்சிக்குப் போதுமான பொன் ஓடையில் கிடைக்கிறது என்பதும், நூறு பேருக்குக் கூலி கொடுத்து எந்திரத்தில் இடித்தால் மிச்சம் வரும் என்பதும் வேறு வேறு. நீலகிரியின் மேற்குச் சரிவிலிருந்து தண்ணீர் வாங்கும் சாலியாற்றின் நிலம்பூர்ப் பள்ளத்தாக்கில் மணலை அரித்துப் பொன் எடுத்தவர்கள் உண்டு. அவர்கள் சொன்னது பொய் அல்ல. அதைக் கேட்டுத் தவறான முடிவுக்கு வந்தவர்கள் கம்பெனிக்காரர்கள்.

இனிப் பாறைக்கு வருவோம். கோலார் ஒரு சிஸ்ட் பட்டை, அதாவது அழுந்தி ஏடு ஏடாகப் பிரியும் பாறையாலான நீண்ட கீற்று. வடக்கு தெற்காக ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளம், அகலமோ சில கிலோமீட்டர் மட்டுமே. அதன் தெற்கு நுனி ஆந்திரத்தின் சிகர்குண்டா, பிசாநத்தம் வழியாகத் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள்ளும் நீள்கிறது. சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் பாய்ந்த எரிமலைக் குழம்பு இறுகி, பின்னர் அழுந்தி உருமாறிய கரும்பச்சைப் பாறை அது. நடுநடுவே இரும்புப் பட்டைப் பாறைகளும் உண்டு. இந்தப் பாறைகளில் இரும்பு அதிகம். கந்தகத்தையும் தங்கத்தையும் சுமந்துவரும் வெந்நீர் இப்படிப்பட்ட பாறையைத் தொட்டதும், இரும்பு கந்தகத்தைப் பிடித்துப் பைரைட், பிரோடைட் எனும் இரும்புக் கந்தகக் கனிமங்களாக ஆக்கிவிடுகிறது. துணை போனதும் தங்கத்தால் நீரில் கரைந்திருக்க முடியாது. அங்கேயே படிந்துவிடுகிறது. பொறி என்று நான் சொன்னது இதைத்தான்.

வயநாட்டின் குவார்ட்ஸ் நாளங்கள் பெரும்பாலும் ஊடுருவுவது நைஸ் எனும், வெளிர், கரு வரிகள் கொண்ட உருமாறிய பாறைகளை. அங்கே இரும்பு மிகுந்த எரிமலைப் பாறை துண்டு துணுக்காகத்தான் இருக்கிறது. பொறி இல்லாத இடத்தில் நீர் வந்தாலும் வந்த வழியே போய்விடும். குவார்ட்ஸ் கல்லைப் பார்த்து ஏமாறுவதற்கும் காரணம் இதுதான்: குவார்ட்ஸ் என்பது நீர் போன தடம். அந்த நீர் எதையாவது விட்டுச் சென்றதா என்பதைப் பக்கத்துப் பாறைதான் சொல்லும். 1880-இல் எல்லோரும் வெள்ளைக் கல்லையே பார்த்தார்கள். அதன் இரு பக்கச் சுவரைப் பார்த்தவர்கள் குறைவு.

ஆனாலும் பாறை வகையை நான் ஒதுக்குவதற்குப் பயன்படுத்துவேன், தேர்ந்தெடுப்பதற்கு அல்ல. பச்சைப் பாறைப் பட்டைகள் தார்வார் நிலத்தில், அதாவது கர்நாடகத்தையும் சுற்றுப்புறத்தையும் தாங்கும் பழம்பாறைத் தளத்தில், பல இருக்கின்றன. எல்லாம் கோலார் அல்ல. அவற்றைப் பிரித்துக் காட்டுவது பாதை.

கோலார்ப் பட்டையின் மேற்கிலும் கிழக்கிலும் உள்ள நைஸ் பாறைகளின் வயதை அளந்தவர்கள் 1980-களின் இறுதியில் ஒரு வியப்பான செய்தி சொன்னார்கள். இரு பக்கங்களின் வரலாறும் வேறு வேறு. தனித்தனியாகப் பிறந்து வளர்ந்த இரண்டு நிலத்துண்டுகள் வந்து சேர்ந்த தையல்தான் நடுவில் உள்ள பட்டை. அப்படிப்பட்ட தையல் மேற்பரப்புக் கீறலாக இருக்க முடியாது. பல கிலோமீட்டர் ஆழம் வேர்விட்டிருக்கும். ஆழத்து நீர் திரண்டு ஏற அதைவிடப் பெரிய வாய்க்கால் வேண்டியதில்லை. சாம்பியன் நாளம் 8 கிலோமீட்டர் அளவுக்குத் தொடர்ச்சியாக ஓடியதும், 3 கிலோமீட்டர் ஆழத்திலும் தீராமல் இருந்ததும் இந்த வாய்க்காலின் அளவைச் சொல்கின்றன. ஒரு நிலத்தின் மொத்தக் கையிருப்பு எவ்வளவு என்று கேட்டால், நான் முதலில் தேடுவது இப்படிப்பட்ட ஆழ்ந்த பாதையைத்தான். தரம் எவ்வளவு என்பது அடுத்த கேள்வி.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வயநாட்டுக்குப் பக்கத்திலும் பெரிய பாதை இருக்கிறதே என்று. உண்மை. மோயாற்றை ஒட்டி ஓடும் உரசல் மண்டலம் (நிலத்துண்டுகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த நீண்ட பட்டை) தென்னிந்தியாவின் மிகப் பெரிய பெயர்ச்சிகளில் ஒன்று. நீலகிரி மலைத்தொகுதியின் வடக்கு எல்லையே அதுதான். பாதை மட்டும் போதும் என்றால் வயநாடு கோலாரை மிஞ்சியிருக்க வேண்டும்.

மிஞ்சவில்லை. அதற்கு மூன்றாவது கேள்விதான் விடை சொல்கிறது: மட்டம். தார்வார் நிலம் சாய்ந்து கிடக்கும் ஒரு புத்தகம் போன்றது. வடக்கே ஹட்டி, கதக் பக்கம் மேல் பக்கங்கள் தெரிகின்றன. தெற்கே வர வர மேலடுக்குகள் அரித்துப்போய் அடிப் பக்கங்கள் வெளியே வந்திருக்கின்றன. பாறைகளில் உள்ள கனிமங்கள் எந்த அழுத்தத்தில் உருவானவை என்று கணக்கிட்டால், வடக்கே ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஆழத்துப் பாறை. நீலகிரி வரும்போது 25 கிலோமீட்டருக்கு அருகிலோ அதற்கும் கீழோ இருந்த பாறை. ராய்ச்சூரிலிருந்து கூடலூருக்கு ரோட்டில் வருபவர் பூமிக்குள் பதினைந்து கிலோமீட்டர் இறங்கியிருக்கிறார், தான் அறியாமலே. இந்த மாற்றத்தில் ஒரு முக்கியமான கோட்டை ஃபெர்மர் என்ற நிலவியலாளர் 1936-இல் வரைந்தார். அதற்குத் தெற்கே சார்னோகைட் போன்ற, கொதிநிலத்தில் உருவான பாறைகள். வடக்கே அவை இல்லை.

இவ்வகைத் தங்கம் அதிகம் படிவது நடு மட்டத்தில், ஏறக்குறைய 300 முதல் 400 டிகிரி வெப்பத்தில், பாறை ஒரு பக்கம் நெளிந்தும் மறு பக்கம் உடைந்தும் கொடுக்கும் இடத்தில். அதற்கும் கீழே, 700 டிகிரிக்கு மேல் சூடேறிய பாறையிலிருந்து நீர் ஏற்கெனவே வெளியேறிவிட்டது. அங்கே உரசல் மண்டலம் இருந்தாலும் அது காய்ந்த வாய்க்கால், அல்லது தங்கம் மேலே போய்விட்ட வழி. வயநாட்டுக்கு மேலே ஒரு காலத்தில் செல்வமான மட்டம் இருந்ததென்றால், அது மழையிலும் ஆற்றிலும் கரைந்து எப்போதோ கடலுக்குப் போய்விட்டது. நமக்கு மிச்சமாகக் கிடைத்தது அடி வேர்.

இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கோலாரே ஹட்டியைவிடச் சற்று ஆழமான, சூடான மட்டத்தைச் சேர்ந்தது. ஆம்பிபோலைட் நிலை எனப்படும் கடும் வெப்ப நிலைக்கு உருமாறிய பாறை. சூடான மட்டத்திலும் பெரிய வயல் உருவாக முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் பந்தயம் கட்டுபவர் விதிவிலக்கின்மேல் முதல் பணத்தை வைக்க மாட்டார். ஃபெர்மர் கோட்டுக்குத் தெற்கே தங்கம் தேடப் போகிறவரிடம் நான் கேட்கும் சான்றின் அளவு இரட்டிப்பாக இருக்கும்.

ஓடை வண்டல் ஆய்வைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். ஏனெனில் செலவுக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால் இதற்கு நிகர் இல்லை. ஒரு நீர்ப்பிடிப்பில் உள்ள பாறைகள் அனைத்தும் தம் தூளை ஓடைக்குத்தான் அனுப்புகின்றன. ஓடை நமக்காகவே மாதிரியைக் கலந்து வைத்திருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 2001 முதல் நாடு முழுவதும் கட்டம் கட்டமாக எடுத்துவரும் புவிவேதியியல் மாதிரிகள் இன்று பொதுமக்களுக்கும் கிடைக்கின்றன. ஏலத்துக்கு முன் அவற்றைப் பார்க்காமல் யாராவது முடிவெடுத்தால் அது மன்னிக்க முடியாத சோம்பல். ஆனால் எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். 100 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் ஒரே ஒரு சதுர கிலோமீட்டரில் தங்க நிலம் இருந்து, அங்கிருந்து வரும் மண்ணில் நூறு கோடிக்கு 100 பங்கு தங்கமும், மற்ற இடங்களின் மண்ணில் 2 பங்கும் இருந்தால், ஓடை வாயில் கிடைக்கும் எண் 3 கூட வராது. 2-க்கும் 3-க்கும் உள்ள அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் கண்டுபிடிப்பே ஒளிந்திருக்கிறது. அதனால்தான் தங்கத்தின் எண்ணை மட்டும் நம்பாமல், அதோடு கூட வரும் துணைகளையும் பார்ப்பார்கள். ஹட்டியின் தாதுவில் ஆர்சனோபைரைட் இருப்பதால் ஆர்சனிக் அங்கே வழிகாட்டி. கோலாரில் ஷீலைட் கனிமம் உண்டு என்பதால் டங்ஸ்டன். இந்தத் துணைகள் தங்கத்தைப்போலத் துகள் துகளாகத் தாவுவதில்லை. ஒரே சீராகப் பரவியிருக்கும். மாதிரிக்கு மாதிரி ஏமாற்றாது. தங்கம் 2-இலிருந்து 3 ஆனதை நான் நம்பத் தயங்குவேன். அதே இடத்தில் ஆர்சனிக்கும் எழுந்திருந்தால் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

விமானத்திலிருந்து எடுக்கும் காந்த, ஈர்ப்பு அளவைகளைப் பற்றி நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். டன்னுக்குச் சில கிராம் இருக்கும் தங்கத்தை எந்தக் கருவியாலும் வானத்திலிருந்து பார்க்க முடியாது. கருவி பார்ப்பது பாறையை: கரும்பச்சைப் பாறை நைஸைவிடக் கனமானது, இரும்புப் பட்டை காந்தத்தை இழுப்பது, உரசல் மண்டலத்தில் காந்தக் கனிமமான மேக்னடைட் அழிந்து காந்தக் கோடு அறுந்துபோவது. மண்ணும் கரிசலும் மூடிய இடங்களில் இதைவிட்டால் வேறு வழி இல்லை. ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேம் 1975-இல் சுமார் 350 மீட்டர் மூடலுக்கு அடியில் கிடைத்தது ஈர்ப்பும் காந்தமும் ஒரே இடத்தில் எழுந்ததைத் துளையிட்டுப் பார்த்ததால்தான். ஆனால் பாறை வெளியே தெரியும் கோலார் போன்ற இடத்தில், நல்ல கால்களும் திசைகாட்டியும் கொண்ட ஒரு வரைபடக்காரர் முதல் ஆண்டில் அதைவிட அதிகம் சொல்வார் என்பது என் அனுபவம்.

கடைசியாக ஒரு மேசைக் கணக்கு. பெரிய வயல்களை வரிசைப்படுத்தினால், முதலாவதில் பாதி இரண்டாவது, மூன்றில் ஒரு பங்கு மூன்றாவது என்று ஓர் ஒழுங்கு பல இடங்களில் தென்படுகிறது. ஆஸ்திரேலியாவின் யில்கார்ன் நிலத்தில் இன்னும் எவ்வளவு தங்கம் கண்டுபிடிக்கப்படாமல் இருக்கிறது என்று கணிக்க இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தார்வாரில் போட்டுப் பாருங்கள்: கோலார் 800 டன் என்றால் இரண்டாவது 400, மூன்றாவது 260-க்கு மேல் இருக்க வேண்டும். ஹட்டி இதுவரை தந்திருப்பது அந்த 400-க்கு வெகு தொலைவில். ஒன்று, இடைவெளியை நிரப்பும் வயல்கள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. அல்லது கோலார் தார்வாரின் சராசரிப் பிள்ளையே அல்ல, தனிப்பிறவி. யில்கார்னும் தார்வாரும் ஏறக்குறைய ஒரே வயதுப் பச்சைப் பாறைகள். ஆனால் ஆஸ்திரேலியா முழுவதும் ஆண்டுக்கு 300 டன் அளவில் தங்கம் எடுக்கிறது. இந்தியா 2 டன் அளவில் நிற்கிறது. பாறையில் உள்ள வித்தியாசம் இவ்வளவு இருக்க முடியாது, போட்ட துளைகளின் எண்ணிக்கையில் உள்ள வித்தியாசமே அதிகம் என்று நான் நம்புகிறேன். ஆனால் இந்தக் கணக்கை ஒரு குறிப்பிட்ட தொகுதிக்கு விலை சொல்லப் பயன்படுத்தக் கூடாது. அது ஒரு நாட்டுக்கு நம்பிக்கை தரும். ஒரு கம்பெனிக்குத் துளையிட வேண்டிய இடத்தைக் காட்டாது.

சரி, எதை எடுப்பது? ஒரு பருவத்துக்குப் போதுமான பணம் மட்டும் உள்ள ஒருவருக்கு என் முடிவைச் சொல்கிறேன்.

வயநாட்டை விட்டுவிடுங்கள். பொன் இல்லை என்பதற்காக அல்ல, அங்கே பொன் உண்டு. பாதை இருந்தும் பொறி துண்டு துண்டாகவும் மட்டம் மிக ஆழமாகவும் இருப்பதால், அங்கே கிடைப்பவை சிறிய, தொடர்ச்சியற்ற நாளங்களாகவே இருக்கும். நிலவியல் தாண்டியும் காரணங்கள் உண்டு: அது யானை நடமாடும் காடு, மக்கள் நெருங்கி வாழும் தோட்ட நிலம். கைவிடப்பட்ட பழைய குழிகளுக்குள் இன்றும் பொன் ஆசையில் இறங்குபவர்கள் உண்டு, உயிர்களும் போயிருக்கின்றன. அந்தக் குழிகளை மூடுவதற்குச் செலவிடும் பணம் அங்கே துளையிடச் செலவிடும் பணத்தைவிடப் பயனுள்ளது.

கோலார்ப் பட்டையின் தெற்கு வாலா, அல்லது ஹட்டி, மஸ்கி பக்கத்து வடக்குப் பட்டைகளா என்றால் தேர்வு கடினமாகிறது. தெற்கு வாலில் பொறியும் பாதையும் தெளிவாக இருக்கின்றன. சிகர்குண்டாவில் சுரங்கமே ஓடியது. ஆனால் பட்டை அங்கே மெலிந்து கிளை பிரிகிறது. நிறையவே தேடியும் ஆகிவிட்டது. வடக்கில் மட்டம் சரியாக இருக்கிறது, ஆர்சனிக் நல்ல வழிகாட்டியாக இருக்கிறது, பட்டைகளின் பெரும்பகுதியைக் கரிசல் மண் மூடியிருப்பதால் பழங்காலத்தவரின் கண்ணுக்குத் தப்பிய இடங்கள் மிச்சம் உண்டு. ஆந்திரத்தின் கர்னூல் மாவட்டத்து ஜொன்னகிரியில், டன்னுக்கு ஒன்றிரண்டு கிராம் தரமே இருந்தும் மேலிருந்து திறந்தவெளியாகத் தோண்ட முடிவதால் வேலை தொடங்கியிருக்கிறது. இன்றைய சிறு நிறுவனத்துக்கு ஏற்ற அளவு அதுதான். 3 கிலோமீட்டர் ஆழத்துச் சாம்பியன் நாளம் அல்ல.

ஆகவே நான் வடக்கே போவேன். முதலில் அரசின் வண்டல் தரவில் ஆர்சனிக்கும் தங்கமும் சேர்ந்து எழும் நீர்ப்பிடிப்புகளைக் குறிப்பேன். அவற்றில் எவை காந்தக் கோடு அறுந்த உரசல் மண்டலத்தை ஒட்டி இருக்கின்றன என்று பார்ப்பேன். அப்படி ஒன்று சேரும் மூன்று இடங்களில் நடந்து, பழைய குழிகள் ஒரே கோட்டில் அரைக் கிலோமீட்டராவது தொடர்கின்றனவா என்று தேடுவேன். குழியே தெரியாவிட்டாலும், கரிசல் மூடிய நீட்சியில் மண்ணைத் தோண்டி அடிப்பாறையைத் தொட்டு மாதிரி எடுப்பேன். முதல் துளை நாளத்தின் நடுவில் அல்ல, அதன் பக்கச் சுவரையும் சேர்த்து வெட்டும்படி சாய்வாக இறங்கும். யாராவது கையில் பொன் மின்னும் கல்லோடு ஓடி வந்தால், அதை எந்த இடத்தில் எடுத்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்வேன்.